தொப்பி கொடுத்தீர்கள், டாக்ஸிச் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை

தாய்லாந்துக்கு ஆள் கூட்டிப் போகும் நம்மூர் டிராவல்ஸ் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். போன வருடம் உங்களில் ஒருவர் மூலமாக எங்கள் குடும்பம் பாங்காக் போய் வந்தது. பட்டாயாவில் இரண்டு இரவு, பாங்காக்கில் இரண்டு இரவு, வழக்கமான பேக்கேஜ்தான். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ஒருவரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. நீங்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே பயணத்தைத்தான் விற்கிறீர்கள், நோட்டீஸில் யானைப் படம் இருக்கும் இடம் மட்டும்தான் மாறுகிறது.

குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு தொப்பி கொடுத்தீர்கள், தோள்பை கொடுத்தீர்கள். பட்டாயாவில் இரவு பத்து மணிக்குச் சுடச்சுட சாம்பார் சாதம் போட்டீர்கள். என் மாமியார் அதற்காகவே ஐந்து ஸ்டார் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அதை இப்போதும் திரும்ப வாங்கவில்லை.

ஆனால் அந்த நான்கு நாளில் எங்கள் குடும்பம் இரண்டு முறை ஏமாந்தது. இரண்டுமே அங்கே காலம்காலமாக நடப்பவை. நீங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று குழுக்களை அனுப்புகிறவர்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலாவது, டாக்ஸி. என் தங்கைக்கும் அவள் கணவருக்கும் லீவு கிடைக்காததால் தாமதமாகத் தனியாக வந்தார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததுமே, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் "டாக்ஸி? டாக்ஸி?" என்று கேட்டிருக்கிறார். கையில் லாமினேட் செய்த விலைப்பட்டியல். பார்க்க ஏதோ அரசாங்கத்து ஆள் மாதிரி. பாங்காக் ஹோட்டலுக்கு 1,400 பாட். ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்தாலும் 3,500 ரூபாய். வெளிநாடு என்றால் அப்படித்தான் போல என்று கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் தரைத்தளத்துக்கு இறங்கி வாசலுக்கு வெளியே போயிருந்தால் மீட்டர் டாக்ஸி வரிசை இருக்கிறது. ஒரு மெஷினில் பட்டனைத் தொட்டால் சீட்டு வரும். அதில் உள்ள எண்ணுக்கு நேரே நிற்கும் வண்டியில் ஏற வேண்டும், அவ்வளவுதான். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். நகரத்துக்குள் போய்ச் சேர, நெரிசலைப் பொறுத்து, முந்நூறு நானூறு பாட் ஆகும். அதற்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம் உண்டு, அது விதிப்படியே வாங்குவது. எக்ஸ்பிரஸ் சாலையில் போனால் டோல் நம் செலவு. இது தெரியாமல் அந்த 50 பாட்டுக்காக நேர்மையான டிரைவரோடு நம்மவர்கள் சண்டை போடுவதையும் பார்த்தேன். அதாவது, 1,400 கேட்டவரிடம் சிரித்துக்கொண்டே கொடுக்கிறோம், மீட்டர் போட்டவரிடம் மல்லுக்கு நிற்கிறோம். எது நியாயமான காசு என்று யாரும் சொல்லாவிட்டால் இப்படித்தான் நடக்கும்.

இன்னொன்று, அந்தச் சீட்டு. சில டிரைவர்கள் ஏறியதும் கையை நீட்டி அதை வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கக் கூடாது. ஏதாவது தகராறு வந்தால் எந்த வண்டி என்று சொல்ல நம்மிடம் இருக்கும் ஆதாரம் அதுதான். சாலையில் கைகாட்டி நிறுத்திய வண்டி என்றால் சீட்டு கிடையாது. பின்கதவின் உட்புறம் மஞ்சள் தகட்டில் வண்டி எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். மீட்டர் போட மறுப்பது அங்கே குற்றம். புகார் சொல்ல தரைப் போக்குவரத்துத் துறையின் எண் 1584. சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். இந்த இரண்டு எண்களை உங்கள் தோள்பையில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? உங்கள் பத்து இலக்க மொபைல் எண்ணை மூன்று இடத்தில் அச்சடித்திருக்கிறீர்கள்.

டிரைவர்கள் எல்லோரையும் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாங்காக்கில் டாக்ஸிக்கு மீட்டர் வந்தது 1992-ல். அன்றைக்கும் தொடக்கக் கட்டணம் 35 பாட், முப்பது வருடம் கழித்து 2023-ல் கிலோமீட்டர் கட்டணத்தைக் கூட்டியபோதும் சாதாரண வண்டிக்கு அதே 35 பாட்தான். பல டிரைவர்கள் சொந்த வண்டி இல்லாமல் ஷிப்டுக்கு வாடகை கட்டி ஓட்டுகிறார்கள். நம் கதையும் அதுதானே? சென்னையில் 2013-ல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று ஆட்டோவுக்கு நிர்ணயித்தார்கள், அதன் பிறகு வருடக்கணக்கில் அதைத் தொடவில்லை, மீட்டர் வெறும் அலங்காரமாகிவிட்டது. "மேல போட்டுக் குடுங்க" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நாம் பாங்காக் டிரைவரைப் பார்த்து அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. பாங்காக்கில் ஒரு மாலை நேரம் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போக, டுக்டுக்காரர் (அந்த ஊர் ஆட்டோக்காரர்) 400 பாட் கேட்டார். அடுத்து வந்த பச்சை மஞ்சள் டாக்ஸிக்காரர் நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மீட்டரைத் தட்டினார். 97 பாட். மீதி மூன்று பாட்டை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது ஏமாற்றம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

உங்கள் அட்டவணையில் நான்காம் நாள் "லெஷர் டே" என்று போட்டிருந்தது. அதற்கு அர்த்தம் அன்றைக்கு வண்டி இல்லை, கைடு இல்லை, மதியச் சாப்பாடு இல்லை என்று அங்கே போய்த்தான் புரிந்தது. சரி, பாங்காக்கின் பெரிய அரண்மனையைப் பார்க்கலாம் என்று நானும் என் கணவரும் சித்தப்பாவும் கிளம்பினோம். அரண்மனை மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 1,900 மீட்டர். பயணிகள் உள்ளே போகும் வாசல் வடக்குப் பக்கம், நா ஃப்ரா லான் சாலையில். நாங்கள் இறங்கியது வேறு பக்கம். கதவு சாத்தியிருந்தது. அங்கேதான் அவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, நம்மூர்த் தலைமையாசிரியர் போல ஒரு தோரணை. "காலையில் பிட்சுகளின் பூஜை, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். சாத்திய கதவைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், எப்படி நம்பாமல் இருப்பது?

அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், நின்ற கோல புத்தர் கோயிலைப் பாருங்கள் என்று எங்கள் மேப்பில் வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு டுக்டுக்கைக் கூப்பிட்டு, அந்தக் கோயிலோடு சேர்த்து மூன்று இடம் சுற்றிக் காட்ட 20 பாட் என்று பேசியும் விட்டார். ஐம்பது ரூபாய்க்கு ஒரு நகரத்தையே சுற்றிக் காட்டுவதாக ஒருவர் சொன்னால் மதுரையில் நான் ஏறியிருப்பேனா? கோயில் உண்மையான கோயில்தான், 32 மீட்டர் உயரச் சிலை, அழகாக இருந்தது. அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இன்னொருவர், தானாகவே பேச்சுக் கொடுத்து, இன்றைக்கு அரசாங்க நகைக்கல் விற்பனையில் வரி கிடையாது, கடைசி நாள் என்றார். முதல் ஆளுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. மூன்றாவது நிறுத்தம் கடை.

சித்தப்பாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்தியர்களைக் கண்டால் நீலக்கல்லை முதலில் எடுத்து வைக்கும் அளவுக்கு அவர்களுக்கு நம் ஜாதகம் தெரியும். மோதிரம் 9,000 பாட். "யோசிச்சு வாங்குங்க சித்தப்பா" என்றேன். அவர் சொன்ன பதிலைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

"ஏம்மா, நேத்து நம்ம பஸ்ஸே இந்த மாதிரி கடைக்குத்தானே கூட்டிட்டுப் போச்சு? அதுவும் கவர்மெண்ட் கடைதான்னு கைடு சொன்னாரே."

ஆமாம், சொன்னார். முந்தின நாள் "சிட்டி டூர்" என்ற பெயரில், இரண்டு கோயிலுக்கு நாற்பது நிமிடமும் ஒரு கல் கடைக்கு ஒன்றரை மணி நேரமும் கொடுத்தீர்கள். அரசு அங்கீகாரம், உத்தரவாதம், இந்தியாவில் இதே கல் மூன்று மடங்கு என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார் கைடு. அந்தக் கடை நல்ல கடையாகவே இருக்கட்டும். ஆனால் முன்பின் தெரியாத ஊரில், அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் கூட்டிப் போகும் கல் கடையில் வாங்கலாம் என்ற பாடத்தை எங்களுக்கு நடத்தியது டுக்டுக்காரர் இல்லை. நீங்கள் நடத்திய பாடத்துக்கு அவர் மறுநாள் பரீட்சை வைத்தார், சித்தப்பா முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்.

ஊருக்கு வந்து ஆசாரியிடம் காட்டினோம். கல் கல்தான், கண்ணாடி இல்லை, ஆனால் கொடுத்த விலையில் கால்வாசி கூடப் பெறாது என்றார். இதில்தான் சூட்சுமம். போலிக் கல்லை விற்றால் நேராகப் போலீஸுக்குப் போகலாம். மட்டமான அசல் கல்லை அதிக விலைக்கு விற்றால், விரும்பித்தானே வாங்கினீர்கள் என்பார்கள். ஜி.ஐ.டி. என்று கற்களைப் பரிசோதிக்கும் ஆய்வகம் பாங்காக்கிலேயே, நாங்கள் மாரியம்மனைக் கும்பிட்ட அதே சிலோம் சாலையில் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று மதியம் திரும்ப அரண்மனைக்குப் போனோம். வாசலில் பலகை: தினமும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை. நாங்கள் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்த நேரத்தில் மறுபக்கம் ஆயிரக்கணக்கானோர் 500 பாட் டிக்கெட் எடுத்து உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்லலாம் என்று உங்கள் வாட்ஸாப் குழுவைத் திறந்தேன். "அட்மின் மட்டுமே எழுத முடியும்" என்றிருந்தது. அதற்கு மேலே நீங்கள் காலையில் போட்ட குட் மார்னிங் ரோஜா. கைடுக்குப் போன் செய்தபோது, தனியாகப் போனால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்.

உங்கள் பக்கத்துக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. 2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசா வேண்டாம் என்று சொன்னதிலிருந்து தெருவுக்குத் தெரு டூர் போர்டு. பக்கத்துக் கடைக்காரர் ஆயிரம் குறைத்தால் நீங்களும் குறைத்தாக வேண்டும். குறைத்த பணம் எங்கிருந்தோ வர வேண்டும். அங்குள்ள லேண்ட் ஆபரேட்டர், அதாவது உங்களுக்காக அங்கே பஸ்ஸும் கைடும் ஏற்பாடு செய்கிறவர், பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்தி அதைச் சரிக்கட்டுகிறார். சீனப் பயணிகளை அடக்க விலைக்கும் கீழே கூட்டிவந்து கடைக் கமிஷனில் லாபம் பார்த்ததை "ஜீரோ டாலர் டூர்" என்றார்கள். 2016-ல் தாய்லாந்து அரசே அதன் மேல் நடவடிக்கை எடுத்து ஏராளமான பஸ்களைப் பறிமுதல் செய்தது. உங்கள் பேக்கேஜ் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் பட்டியலில் "சிட்டி டூர்" என்று எழுதிவிட்டுக் கடைக்குக் கூட்டிப் போவது அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

கமிஷனை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை, கேட்டாலும் விடமாட்டீர்கள். அட்டவணையில் "கல் கடை, ஒன்றரை மணி நேரம், எங்களுக்குக் கமிஷன் உண்டு, வாங்குவது உங்கள் இஷ்டம்" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் ஆள் வராது என்று பயப்படாதீர்கள், என் மாமியார் சாம்பார் சாதத்துக்காகவே வருவார். பஸ்ஸில் கைடு ஜோக் சொல்லும் அரை மணி நேரத்தில் பத்து நிமிடத்தை டாக்ஸிக்கும் டுக்டுக்குக்கும் ஒதுக்குங்கள். பட்டாயா பக்கத்துப் பவளத் தீவுக்குக் கூட்டிப் போகும் முன், ஜெட் ஸ்கீயில் ஏறுகிறவர்கள் வண்டியைச் சுற்றி முதலில் வீடியோ எடுக்கட்டும், பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய கீறலைக் காட்டிப் பணம் பறிப்பது அந்தக் கடற்கரைகளில் பேர்போன தொழில். அப்புறம் அந்த வாட்ஸாப் குழு. லெஷர் டே அன்றைக்காவது எங்களையும் எழுத விடுங்கள்.

அடுத்த மாதம் என் அக்கா குடும்பம் உங்களில் ஒருவரிடம் முன்பணம் கட்டியிருக்கிறது. அவளுக்காக ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: தரைத்தளத்தில் சீட்டு, 35 பாட், 50 பாட், 1584, 1155, அரண்மனைக்கு வடக்கு வாசல், 20 பாட் என்றால் ஏறாதே, நீலக்கல்லைத் தொடாதே. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. வேண்டுமென்றால் உங்கள் லெட்டர்பேடிலேயே அச்சடித்துத் தொப்பியோடு சேர்த்துக் கொடுங்கள், என் பெயர் போட வேண்டியதில்லை. சித்தப்பாவும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார், ஆனால் அதை அச்சில் போட முடியாது. மோதிரத்தை இன்னும் கழற்றவில்லை.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து, போன வருடத்து வாடிக்கையாளர்