மதகுச் சாவி யார் கையில்? ஆலை மூடிய சிற்றூர்களின் நகர்மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆலை மூடிச் சில ஆண்டுகள் போனதும் ஒருவர் வருவார். கையில் வரைபடச் சுருள் இருக்கும். ஆலைக் கட்டடம், அதைச் சுற்றிய காலி நிலம், தொழிலாளர் குடியிருப்பு, ஆற்றங்கரை, வாய்க்கால், மதகு எல்லாவற்றையும் ஒரே பத்திரத்தில் எழுதிக் கொடுங்கள், ஊரை நிமிர்த்திக் காட்டுகிறேன் என்பார். பெரும்பாலோர் கைதூக்குவீர்கள். பூட்டிக் கிடந்த கதவை யாராவது திறந்தால் போதும் என்கிற களைப்பு அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கைதூக்குவதற்கு முன் நீங்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவன். ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் இழை அறுந்தால் ஒட்டுவது என் வேலை. நூல் சுற்றிக்கொண்டு சுழலும் கட்டையான பாபினை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, நூல் நுனியைத் தேடியெடுத்து, டிராவலர் என்னும் சிறு கம்பி வளையத்துக்குள் கோத்து, மேலே உருளையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் பஞ்சோடு சேர்த்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். முறுக்குத் தானாக ஏறிக்கொள்ளும். பழகிய கைக்குச் சில நொடி. அதற்குள் அடுத்த வரிசையில் இரண்டு அறுந்திருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி எல்லோரும் கிழவர்களாகத் தெரிவோம். இதைச் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. ஆலையை உள்ளே நின்று பார்த்தவனுக்கு அதன் கட்டடத்தைவிட அதன் கணக்குதான் பெரிதாகத் தெரியும் என்பதற்காக. சங்கு ஊதுவது, புகைபோக்கி, செங்கல் சுவர் என்று ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் அந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

கணக்கு தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. ஆலை ஊர் என்ற ஒன்று பிறந்ததே நீர் விழும் இடத்தில்தான். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் குரோம்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ரிச்சர்டு ஆர்க்ரைட் 1771இல் நீரால் ஓடும் நூற்பாலையைத் தொடங்கினார். அங்கே ஓர் ஓடை இருந்தது. ஈயச் சுரங்கங்களின் நீரை வடிக்கத் தோண்டிய சுரங்கக் கால்வாய் ஒன்றும் இருந்தது. பூமிக்குள்ளிருந்து வரும் நீர் ஆகையால் குளிர்காலத்திலும் உறையாது. ஆர்க்ரைட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? பல்சக்கரம் அறிந்த கடிகாரம் செய்பவர்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். வேலைக்கு வந்தவர்களுக்கு 1776 வாக்கில் நார்த் ஸ்ட்ரீட் என்ற தெருவைக் கட்டினார். மூன்று மாடி வீடுகள். மேல்மாடியில் மட்டும் நீளவாக்கில் சன்னல் வரிசை இருக்கும். தறிக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா. ஆண்கள் வீட்டு மாடியில் நெய்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்குப் போனார்கள். அந்தச் சன்னல் வரிசையைப் பார்த்தாலே குடும்பம் முழுவதையும் எப்படிக் கணக்குப் போட்டு வைத்தார்கள் என்பது புரிந்துவிடும்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? இன்னும் ஆழத்தில் மற்றொரு வடிகால் சுரங்கத்தை ஈயச் சுரங்கக்காரர்கள் தோண்டினார்கள். நீர் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஆர்க்ரைட் குடும்பம் நீதிமன்றம் போனது. சுரங்கத்தை வடிப்பதற்காகச் செயற்கையாக வெட்டிய வாய்க்காலின் நீர் தொடர்ந்து வரவேண்டும் என்று கேட்க ஆலைக்கு உரிமை இல்லை என 1839இல் தீர்ப்பானது. உலகத்துக்கே நூற்பாலை ஓட்டக் கற்றுக்கொடுத்த இடம், தண்ணீர் தன் பெயரில் இல்லாததால் 1840களில் மங்கிப்போனது. இயந்திரம் பழசாகவில்லையா, போட்டி வரவில்லையா என்றால் அதுவும்தான். ஆனால் அடி விழுந்த இடம் வாய்க்கால்.

அமெரிக்கர்கள் இந்தப் பாடத்தை வேறு விதமாகப் படித்தார்கள். மாசசூசெட்ஸில் மெரிமாக் ஆறு பாட்டக்கெட் அருவியில் சுமார் 32 அடி இறங்குகிறது. அங்கே எழுந்த லோவெல் நகரில் ஆலைகள் பல, ஆனால் கால்வாய்களும் நீரும் ஒரே நிறுவனத்தின் கையில். நீரை அளந்து விற்றார்கள். அதற்கு 'மில் பவர்' என்று ஓர் அலகே வைத்திருந்தார்கள்: 30 அடி வீழ்ச்சியில் நொடிக்கு 25 கன அடி நீர். அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் செம்மைப்படுத்திய, நீர் விசையில் சுழலும் டர்பைன்தான் இன்றும் அணைக்கட்டுகளில் பிரான்சிஸ் டர்பைன் என்ற பெயரில் ஓடுகிறது. நம் பக்கத்தில் பிரிட்டிஷ் வணிகர்களான ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் ஆலை எழுப்பியதும் தாமிரபரணி விழுகிற விசையைப் பார்த்துத்தான்.

ஆகவே முதல் கேள்வி: உங்கள் ஊர் மதகின் சாவி இன்று யார் கையில் இருக்கிறது? ஆலையின் பழைய பத்திரத்தில் நீர் உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது? மன்றத்தில் யாராவது படித்தீர்களா? கட்டடத்துக்கு மதிப்புப் போடப் பொறியாளரை அனுப்பும் நகர்மன்றங்கள், வாய்க்காலை வரைபடத்தில் நீலக் கோடாக மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டுகின்றன.

அடுத்தது கூலிக் கணக்கு. ஆலை ஊரின் பொருளாதாரத்தைப் பிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பஞ்சு வெளியிலிருந்து வருகிறது, நூல் வெளியே போகிறது, லாபமும் பங்குதாரர் இருக்கும் பெருநகரத்துக்குப் போகிறது. ஊரில் தங்குவது கூலி ஒன்றுதான். அதுவும் எவ்வளவு தங்குகிறது என்பது வீட்டு வாடகையையும் மளிகைக் கடையையும் பொறுத்தது. வீடும் ஆலையுடையது, கடையும் ஆலையுடையது என்றால், கூலி ஒரு வாசலில் வெளியே வந்து மறு வாசலில் உள்ளே போய்விடும். பணத்துக்குப் பதில் பண்டமாகக் கூலி தருகிற வழக்கம் பிரிட்டனில் எவ்வளவு முற்றியிருந்தால், கூலியை நாணயமாகவே தரவேண்டும் என்று 1831இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருப்பார்கள்!

இங்கே நியூ லானார்க்கைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் அருவிகளுக்குக் கீழே டேவிட் டேல் கட்டிய ஆலை ஊர். 1800இல் அவருடைய மருமகன் ராபர்ட் ஓவன் நிர்வாகத்தை ஏற்றார். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆலைக்குள் சேர்ப்பதை நிறுத்தினார், பள்ளி நடத்தினார், பண்டங்களை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குச் சற்று மேலே விற்கும் கடை வைத்தார். அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டுப் பஞ்சு கிடைக்காமல் போனபோது நான்கு மாதம் ஆலையை நிறுத்தி முழுக் கூலி கொடுத்தார். நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஆலையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிறு மரக்கட்டை தொங்கியது. நான்கு முகம், நான்கு நிறம்: கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. நேற்று நீ எப்படி நடந்துகொண்டாய் என்பதை இன்று முன்னால் திரும்பியிருக்கும் நிறம் ஊருக்குச் சொல்லும். மேற்பார்வையாளர் வாய் திறக்கத் தேவையில்லை. அதற்குப் பெயரே மௌனக் கண்காணிப்பான். பிரம்பை எடுத்து அடிப்பதைவிட மேல் என்று ஓவனைப் புகழ்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். என் தலைக்கு மேல் அப்படி ஒரு கட்டை தொங்கியிருந்தால் அதைத்தான் முதலில் உடைத்திருப்பேன்.

லோவெல் பெண்கள் அதைச் செய்தார்கள் என்று சொல்லலாம். நியூ இங்கிலாந்தின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள், வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் உழைத்து, மணியோசைக்கு எழுந்து, உண்டு, உறங்கியவர்கள். 1834இல் கூலியைக் குறைத்தபோது வெளியே வந்தார்கள், தோற்றார்கள். 1836இல் கூலியில் கைவைக்கவில்லை. நிறுவனத்தின் விடுதியில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பிடிக்கும் தொகையை உயர்த்தினார்கள். கையில் கிடைப்பது குறைந்ததென்றால் இரண்டும் ஒன்றுதான் என்பது அந்தப் பெண்களுக்குக் கணக்குப்பிள்ளையைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. மீண்டும் வெளியே வந்தார்கள், இந்த முறை இன்னும் பெரிய கூட்டமாக. அவர்கள் நூற்ற பஞ்சு தெற்கே அடிமைகள் பறித்தது என்பதையும், லோவெலின் முரட்டுத் துணி அந்த அடிமைகளுக்கே உடுப்பாகத் திரும்பியது என்பதையும் ஊர் வரலாறு எழுதும்போது விட்டுவிடக் கூடாது.

ஆலை ஏன் மூடுகிறது என்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே கதை. மின்சாரம் வந்ததும் அருவி தேவையில்லை. லாபத்தைப் புது இயந்திரத்தில் போடாமல் பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். கூலி குறைந்த இடத்தில் புது ஆலை எழுகிறது. லோவெலின் ஆலைகள் 1920களிலும் 30களிலும் ஒவ்வொன்றாக அமெரிக்கத் தெற்கிடம் தோற்றது இப்படித்தான். சங்கம் கூலி கேட்டதால்தான் மூடியது என்று டீக்கடையில் ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் இயந்திரத்தின் வயதைக் கேட்டதே இல்லை.

நகர்மன்றத்தால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு இங்கிலாந்தின் பருத்தி ஆலை வட்டாரமான லங்காஷயரைக் காட்டுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை பஞ்சு வரத்து அற்றுப்போய் ஆலை ஊர்கள் பட்டினி கிடந்தன. 1863இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, உள்ளூர் மன்றங்கள் கடன் வாங்கிப் பொதுவேலை செய்ய வழி திறந்தது. நூல் ஒட்டிய கைகள் மண்வெட்டி பிடித்தன. சாக்கடையும் சாலையும் வந்தன. ஓல்டம் நகரில் வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்கள் உழைப்பில் உருவான அலெக்சாண்டிரா பூங்கா 1865இல் திறக்கப்பட்டது, இன்றும் இருக்கிறது. ஆலை முதலாளி கட்டித் தந்த பூங்கா அல்ல அது.

மூடிய பிறகு என்ன செய்தார்கள்? நியூ லானார்க் 1968இல் மூடியது. கட்டடங்கள் பழைய உலோகம் பிரிக்கும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயின. கூரை பெயர்ந்தது, இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. கடைசியில் 1983இல், உடையவர் சம்மதிக்காவிட்டாலும் சட்டப்படி வாங்கிக்கொள்ள வழிசெய்யும் கட்டாயக் கொள்முதல் ஆணையால்தான் கட்டடங்களை மீட்க முடிந்தது. இப்போது ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது: ஓர் ஆலையில் ஓட்டல், ஓர் ஆலையில் கம்பளி நூல் நூற்பு, வாய்க்கால் நீரில் டர்பைன் ஓடி மின்சாரம், மேலே குடியிருக்கும் வீடுகள். 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு நிறுவனத்தின் கைக்குப் போன ஆலையைப் பிறகு சட்டத்தை வைத்துப் பிடுங்க வேண்டியிருந்த ஊர் அது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

யார்க்ஷயரில் சால்ட்டேர் வேறு மாதிரி. டைட்டஸ் சால்ட் 1853இல் திறந்த ஆலை, சுற்றிலும் அவர் கட்டிய ஊர். மதுக்கடைக்கு மட்டும் இடம் தரவில்லை. ஆலை 1986இல் மூடியது. அடுத்த ஆண்டே ஜொனாதன் சில்வர் என்ற தொழில்முனைவர் அதை வாங்கி ஓவியக்கூடமும் கடைகளும் தொழில் அலுவலகங்களுமாக மாற்றினார். தனி ஒருவர்தானே வாங்கினார், ஊர் பிழைக்கவில்லையா என்று என் வாயை அடைப்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவர் வாங்கியது ஆலையை. வீடுகள் 1930களிலேயே ஆலையின் கையைவிட்டுப் போய்விட்டன. அதனால் ஆலைக் கதவு சாத்தியபோது எந்த வீட்டுக் கதவும் கூடச் சேர்ந்து சாத்தவில்லை.

அருங்காட்சியகம் வைத்தால் ஊர் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. லோவெலில் 1978இல் தேசிய வரலாற்றுப் பூங்கா அமைத்தார்கள். பழைய தறிக்கூடம் ஒன்றை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள், பார்க்கப் போகிறவர்களுக்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் ஓடிய காலத்தில் வேலை செய்த ஆட்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் டிக்கெட் கிழிப்பவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கட்டடத்தை விற்றாலும் குத்தகைக்கு விட்டாலும் தனிப் பத்திரம் போடுங்கள். ஒரே ஆளுக்கு முழுவதும் வேண்டாம். தளம் தளமாகப் பிரித்தால் சிறு தொழில்காரர் பத்துப் பேர் வருவார்கள், அவர்களில் மூவர் நொடித்தாலும் ஏழு பேர் இருப்பார்கள். குடியிருப்பு வீடுகளை அங்கே இருப்பவர்களுக்கே தவணையில் கொடுங்கள். பணிக்கொடை பாக்கி இருந்தால் நிலம் கைமாறுவதற்கு முன் அது தீரட்டும். வாய்க்காலையும் மதகையும் மட்டும் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். இன்று அதில் பாசிதான் மிதக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

இன்னொன்று, இது அவசரம். மூடிய ஆலைகளில் நேர அலுவலகம் என்று ஓர் அறை இருக்கும். உள்ளே கூலிப் பதிவேடுகள், வருகைப் பதிவேடுகள், நிரந்தரத் தொழிலாளர் வராத நாளில் வேலைக்கு வரும் பதிலித் தொழிலாளர் பட்டியல்கள் கயிற்றால் கட்டி அடுக்கியிருக்கும். யார் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதற்குப் பல நேரம் வேறு சாட்சி இருக்காது. நான் பார்த்த அறையில் கூரை ஓடு இரண்டு இல்லை. கீழ் அடுக்குக் கட்டுகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, மேலே உள்ளவை மட்டும் பிரிக்க வந்தன. விற்பனைத் தீர்மானத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் ஒரு வண்டியும் நாலு ஆட்களும் அனுப்பி அவற்றை நகர்மன்ற அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த மழைக்குள்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்பின்னிங் தொழிலாளி ஒருவர்