என் காலைக் கழுவிய கைகளுக்கு

பங்குத் தந்தைக்கும், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியத்து உறவுகளுக்கும், பாடகற்குழுத் தம்பி தங்கைகளுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

கணுக்கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனீர்கள், இரவில் துணைக்குப் படுத்தீர்கள், மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்தீர்கள். எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் இந்த மடலை எழுத வைத்தது கட்டுப் பிரித்த மறுநாள்.

என் காலை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. சதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, நாற்றம் வேறு. அக்கா ஒருவர் வெந்நீரோடு வந்து தரையில் உட்கார்ந்தார். "வேண்டாங்க்கா, நானே பாத்துக்கிறேன்" என்று காலை இழுத்துக்கொண்டேன். "உன்னால குனிய முடியுமா? பேசாம நீட்டு" என்றார். விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தார். முடியும்வரை நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துப் பெரிய வியாழன். இயேசு கடைசி இரா உணவின்போது சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துக் கோயிலில் பன்னிருவரின் காலைக் கழுவும் நாள். வாசகம், அதைச் சொல்லும் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம். என் காலைக் கழுவவே விடமாட்டேன் என்று சீடர் பேதுரு மறுப்பதை இத்தனை காலமும் தாழ்மை என்றே நினைத்திருந்தேன். அது வீம்பு. நான் காலை இழுத்துக்கொண்ட அதே வீம்பு. கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று ஆண்டவர் கறாராகச் சொன்னது அதனால்தான் போல. அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எழுந்து போனது கால் கழுவி முடித்த பிறகுதான்; அவன் காலும் அந்த நீரில் நனைந்திருக்கிறது. அவன் மறுத்ததாக ஒரு வரியும் இல்லை.

2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் காலைக் கழுவினார். பெண்களும் இஸ்லாமியரும் அதில் இருந்தார்கள். அன்று எல்லோரும் குனிந்தவரையே பார்த்தோம். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஃபாதர், பன்னிருவரில் ஒருவனாக என்னையும் உட்கார வைத்ததற்கு நன்றி. கால் கழுவும் இந்தச் சடங்கில் உட்காரப் பெயர் கொடுத்தவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். முன்பு நானும் அப்படித்தான். இந்த முறை தேய்க்கவில்லை. எல்லோரும் வலது காலை நீட்ட, நான் தோல் உரிந்த இடது காலை நீட்டினேன். சுவரைப் பார்க்கவில்லை.

அக்கா, உங்கள் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நானே நடந்து வந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி