டியூன் செய்யும் காருக்கு எந்த கியர்பாக்ஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்போ பெட்ரோல் கார் வாங்கி ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவரைக் கூட்டுவது; டியூன் என்பதும் இதுதான்) செய்ய வேண்டும் என்று கேட்டு வரும் இளைஞர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இப்போது அதிகம். மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டால் கியர் போடும் சுகம், நெரிசலில் கால் வலி என்றே பேச்சு போகிறது. எஞ்சினில் கூட்டப்போகும் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, அந்த கியர்பாக்ஸ் எதுவரை தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. செலவு வைப்பது அந்த இடம்தான்.

இங்கே அதிகம் ஓடும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வேகன் விர்டஸின் 1.5 டி.எஸ்.ஐ. எஞ்சின் 150 பி.எஸ். (குதிரைத் திறன்) பவரும் 250 என்.எம். (நியூட்டன் மீட்டர்) டார்க்கும் தருகிறது. அதன் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டி.கியூ.200 என்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி., அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஆயிலில் மூழ்காத இரண்டு உலர் கிளட்ச் கொண்ட பெட்டி இது. இதற்கு வகுத்த எல்லையும் 250 என்.எம்.தான். ஆக, ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே வண்டி எல்லையில் நிற்கிறது. இந்த எல்லையைத் தயாரிப்பாளரே எவ்வளவு மதிக்கிறார் என்பதற்கு 2016-ல் இதே டி.கியூ.200 பெட்டியோடு இந்தியாவுக்கு வந்த, அதே குழுமத்தின் ஸ்கோடா சூப்பர்ப் சாட்சி. அதே 1.8 லிட்டர், அதே 180 பி.எஸ். எஞ்சினுக்கு மேனுவலில் 320 என்.எம். கொடுத்தார்கள், டி.எஸ்.ஜி.யில் 250-லேயே நிறுத்திவிட்டார்கள்.

அதனால் டியூனரிடம் "எத்தனை பி.எச்.பி. ஏறும்" என்று கேட்பதைவிட, "எந்த ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) எத்தனை என்.எம்." என்று கேட்டு கிராஃப் வாங்கிப் பாருங்கள். என்.எம். எண்ணை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பி.எஸ். கிடைக்கும். 250 என்.எம். 4,200-ல் சுமார் 150 பி.எஸ்.; அதே 250-ஐ 5,000 வரை பிடித்து வைத்தால் 178 பி.எஸ். டார்க்கை ஏற்றாமலே பவரைக் கூட்டலாம், உயர் ஆர்.பி.எம்.மிலும் டர்போவுக்கு மூச்சு இருந்தால். உலர் கிளட்ச் வண்டிக்குச் செய்யத்தக்க ஒரே நல்ல டியூன் இதுதான். 2,000 ஆர்.பி.எம்.மிலேயே முதுகை சீட்டில் தள்ளும் டியூன் ஃபைல், கிளட்சின் ஆயுளைத்தான் முதலில் குறைக்கும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் கம்ப்யூட்டர் தான் தரும் டார்க் எவ்வளவு என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கிளட்சை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதை அந்த எண்ணை வைத்தே கியர்பாக்ஸ் முடிவு செய்கிறது. டார்க்கைக் குறைக்கச் சொல்லி கியர்பாக்ஸ் குறுக்கே நிற்கக்கூடாது என்பதற்காகச் சிலர் அந்த எண்ணையே குறைத்துக் காட்டும்படி ஃபைலை எழுதிவிடுகிறார்கள். எஞ்சின் 290 தரும், கியர்பாக்ஸிடம் 240 என்று சொல்லும். அது 240-க்கான அழுத்தத்தில் பிடிக்கும். மீதி 50 வழுக்கலாகி, சூடாகி, பிளேட்டைத் தின்னும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஒரு உதறல் வரும். டியூன் செய்த கையோடு கிளட்ச் வழுக்கல், கிளட்ச் வெப்பம் இரண்டின் கம்ப்யூட்டர் பதிவையும் (லாக்) கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

நம் ஊர் ரோடும் கணக்கில் வரவேண்டும். டெல்டாவில் மலைப்பாதை இல்லை. உலர் கிளட்சைச் சுடவைப்பது ஊர்ந்து போகும் ஓட்டம். தை, மாசியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் பின்னால், கொள்முதல் நிலைய லாரி வரிசையை ஒட்டி, நெல் காயும் பாதி ரோட்டில் நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே கிடக்கும். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழட்டும், அப்புறம் பிரேக்கை முழுதாக விட்டு நகருங்கள். ரயில்வே மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கவே கூடாது.

கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பெட்டி இந்த ஊர்தலைச் சுலபமாகத் தாங்கும், ஏனென்றால் அங்கே நழுவுவது ஆயில். அதன் எதிரி ஆயில் வெப்பம். டியூன் செய்த வண்டியில் "லைஃப்டைம் ஆயில்" என்ற பேச்சை நம்பாமல் 50,000 கி.மீ.க்குள் மாற்றுங்கள். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள டி.கியூ.250 போன்ற டி.எஸ்.ஜி.க்கு எல்லை 350 என்.எம்.; 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் தவறக்கூடாது. பணம் இருந்தால் ஆட்டோமேட்டிக்கில் டியூனுக்கு உகந்தது இதுதான். ஏ.எம்.டி.யையும் (மேனுவல் பெட்டியையே தானாகக் கியர் மாற்ற வைப்பது) சி.வி.டி.யையும் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது) விட்டுவிடுங்கள்.

மேனுவலிலும் முதலில் தோற்பது கிளட்ச்தான். ஆனால் அதைத் தனியாக மாற்றிவிடலாம், அதுவே அதன் பலம். சோதனை எளிது: போக்குவரத்து இல்லாத நேரான ரோட்டில் நாலாவது கியரில் 1,800 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். வயல் டீசல் எஞ்சினில் பெல்ட் வழுக்கினால் எஞ்சின் இரைந்தும் தண்ணீர் குறையுமே, அதுபோல ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் பிடிக்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கும்போதே பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய சீல் கசிந்தால் புதுப் பிளேட்டும் ஆயில் பட்டு வழுக்கும். கூலி இரண்டு மடங்கு. தினசரி வண்டிக்குக் கூடுதல் அழுத்தமுள்ள பிரஷர் பிளேட்டோடு ஆர்கானிக் பிளேட் போதும். செராமிக் பிளேட் கும்பகோணம் கடைத்தெருவில் முதல் கியரில் குதித்துக் குதித்துப் போகும். முதல் 800 கி.மீ. முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம், பிளேட் படியட்டும். பித்தளை சிங்க்ரோ ரிங் (கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம்) உள்ள பெட்டியில் ஜி.எல்.-4 தர கியர் ஆயிலுக்குப் பதில் ஜி.எல்.-5 ஊற்றினால் கியர் விழுவது கடினமாகும். மேனுவலில் ஒரு ஆபத்தும் உண்டு: வேகத்தில் நாலிலிருந்து ஐந்துக்குப் போட நினைத்து மூன்றில் போட்டால், சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் எஞ்சினைக் காப்பாற்றாது. சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடும், வால்வு வளையும்.

என் முடிவு: 250 என்.எம்.முக்கு மேல் போக எண்ணம் இருந்தால் மேனுவல் வாங்குங்கள். ஏற்கெனவே உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கையில் இருந்தால் டார்க்கைத் தொடாதீர்கள். டயர், பிரேக், சஸ்பென்ஷனில் செலவழியுங்கள், வண்டி நிஜமாகவே வேகமாகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ரீமேப் செய்ததை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் விபத்துக்குப் பின் கிளெய்மில் சிக்கல் வரலாம். முழு வேகம் பார்க்க டெல்டாவில் ட்ராக் இல்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற ரேஸ் ட்ராக்குக்குத்தான் போகவேண்டும். திருச்சி நாற்கர சாலை அதற்கான இடம் இல்லை.

உங்கள் வாகனப் பக்கத்தில் புதிய கார்களின் பவரைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். பக்கத்திலேயே டார்க் எத்தனை, கிளட்ச் உலர்ந்ததா ஆயிலில் மூழ்கியதா, கியர்பாக்ஸின் எல்லை எத்தனை என்.எம். என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
கும்பகோணம்.