விஜயநாராயணம் டவருக்கும் ஒரு வாக்குறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான ‘நியூ ஸ்டார்ட்’ அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு காலாவதியானது. தலா 1,550 அணுகுண்டு என்ற வரம்பு போனதையே எல்லோரும் பேசுகிறார்கள். எண்ணிக்கையைவிட, அணு ஏவுகணையோடு கடலடியில் கிடக்கும் நம் நீர்மூழ்கிக்கு உத்தரவு போய்ச் சேருமா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த உத்தரவை ரேடியோ அலையில் அனுப்பும் கடற்படை நிலையம், ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990 முதல் நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கிறது.

அணு ஆயுதத்தை முதலில் எடுக்க மாட்டோம், அடித்தால் பலமாகத் திருப்பி அடிப்போம் என்று 2003 ஜனவரியில் இந்தியா அறிவித்தது. அடி வாங்கிய பிறகும் மிஞ்சும் என்று நம்பக்கூடியவை அரிஹந்த், அரிகாத் போன்ற நீர்மூழ்கிகள்தான். மேலே வந்தால் எதிரி கண்ணில் பட்டுவிடும். அடியிலேயே கிடந்தால் சாதாரண ரேடியோ எட்டாது. உப்புத்தண்ணீர் அலையைத் தின்றுவிடும். அதிர்வெண்ணை 18 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்கினாலும், சுமார் இரண்டு மீட்டருக்கு ஒருமுறை அலையின் வலு மூன்றில் ஒரு பங்காகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் இருநூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் நீர்மூழ்கி ஆழத்தில் இருந்தபடியே, மிதக்கும் நீண்ட ஒயர் ஆன்டெனா ஒன்றை நீர்மட்டத்தை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும்.

இந்த அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். விஜயநாராயணத்தில் இதை அனுப்பும் 470 மீட்டர் டவரே அதற்குக் குட்டைதான். உச்சியிலிருந்து கம்பிகளை விரித்துக் கட்டி ஈடு செய்கிறார்கள். குரல் இதில் போகாது. சுருக்கமான சங்கேத எழுத்துகள் மெதுவாகப் போகும். நீர்மூழ்கியால் இதே வழியில் பதில் சொல்லவும் முடியாது.

இவ்வளவு உயரமான டவரை எங்கே ஒளித்துவைப்பது? அமெரிக்கா ஈ-6பி விமானத்திலிருந்து பல கிலோமீட்டர் நீள ஒயரைத் தொங்கவிட்டு இதே வேலையைச் செய்கிறது. நாமோ தெலங்கானாவின் தாமகுண்டத்தில் இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபரில்தான் அடிக்கல் நாட்டினோம். எதிரி டவரைத் தகர்த்துவிடுவானோ என்ற பயம் வந்தால், நிதானமாக யோசிக்க வேண்டிய தலைமை முந்திக்கொண்டு உத்தரவு போடும். முதலில் எடுக்க மாட்டோம் என்ற சொல் அங்கேதான் ஆட்டம் காணும்.

1988 டிசம்பர் 31-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களைத் தாக்கக் கூடாது. ஆனால் விஜயநாராயணம் போன்ற தகவல்தொடர்பு நிலையங்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் பாதுகாப்பு இல்லை. அவற்றையும் சேர்க்கும் பேச்சை டெல்லி தொடங்க வேண்டும். நம் தொகுதி எம்.பி. இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாங்குநேரி