புதிதாக ஓடுவோர் கவனத்துக்கு

ஐயா,

மாரத்தான் ஆர்வம் பெருகியிருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் புதியவர்கள் பலர் தொடங்கிய வேகத்திலேயே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது வேதனை தருகிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டினால் அடி வாங்குவது கால்தான். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என மொத்தம் 20 நிமிடம், வாரத்தில் 3 நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. தொடங்க இது போதும்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நெடுக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுக்கலாம். விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுரீரென்று வலிக்கிறதா? எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பந்தயத்தில் இறங்குவது பெருந்தவறு.

பந்தய நாளில் புது ஷூ வேண்டாம். முதல் கிலோமீட்டரில் கூட்டத்தோடு பாயாதீர்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். அளவுமீறிய தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓடுவோர் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்புறத்தில் அவசரத் தொடர்பு எண், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எழுத இடம் ஒதுக்குங்கள்.

– ஓட்டப் பயிற்சியாளர்