ஆச்சியின் தகரத் தகடு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆச்சியின் வருசத் திதி நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்கவில்லை என்று நீ போனில் அழுததாக அம்மா சொன்னாள். அதற்கெல்லாம் அழக்கூடாது. முத்துமாலை அம்மன் கோவில் பக்கம் ஆற்றில் குளித்துவிட்டு வந்து இலை போட்டோம். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். திதிக்கு இது சேருமா என்று சித்தப்பா இழுத்தான். ஆச்சிக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் என்றேன்.

பக்குவம் கேட்டிருந்தாயே. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து. உளுந்தை வாசம் வருமட்டும் வறுத்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ சேர்த்து அரிசியோடு வேகவிட வேண்டும். தேங்காயில் கஞ்சம் பார்க்காதே. கூலி வாங்குகிற அன்றைக்குத்தான் ஆச்சி இதைப் பொங்குவாள். அதனால்தானோ என்னவோ, எனக்கு இது விசேஷச் சாப்பாடு.

ஆச்சி நினைவாக ஏதாவது ஒன்று வேண்டும் என்றாய். சங்கிலி அத்தைக்குப் போய்விட்டது. நான் அனுப்புவது ஒரு தகரத் துண்டு. பார்சலைப் பிரித்ததும் ஏதோ குப்பை என்று போட்டுவிடாதே. அதை வைத்துத்தான் ஆச்சி பீடி இலை வெட்டினாள். நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்த இலையை எடுத்து, அதன்மேல் தகட்டை வைத்து, கத்தரியால் சுற்றி நறுக்குவாள். பார்க்கவே மாட்டாள், பேச்சு பக்கத்து வீட்டுக்காரியோடு நடக்கும். மடியில் சுளகு. ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, நூலில் ஒரு சுற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து பீடியின் தலையை மடக்கிக் கொடுப்பது என் வேலை. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரம் முடிக்காமல் ஆச்சி படுத்து நான் பார்த்ததில்லை. தகட்டின் ஒரு ஓரம் வழவழவென்று இருக்கும், தடவிப் பார். அது அவள் கட்டைவிரல் பட்ட இடம்.

1992 நவம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது, அரிசிப் பானையை விட்டுவிட்டு இலைச் சாக்கைத்தான் ஆச்சி தலையில் தூக்கினாள். எனக்குக் கோபம். “அது நம்மது இல்லல, கடைக்காரனுது” என்றாள். அப்படியும் பாதி நனைந்து கறுத்துவிட்டது. பீடிக் கடையில் வெள்ளத்தையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை, கூலியில் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

அப்போது நான் பாளையங்கோட்டையில் இரண்டாம் வருசம் படித்துக்கொண்டிருந்தேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நல நிதியிலிருந்து உதவித்தொகை உண்டு. 1976-இல் சட்டம் போட்டு, பீடிக்கு வரி வைத்து உண்டாக்கிய நிதி அது. ஆச்சி தன் அடையாள அட்டையை மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்துவிட்டாள். உதவித்தொகை விண்ணப்பப் பாரத்தைக் கல்லூரி ஆபீசில் எல்லோர் முன்னாலும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. கல்லூரியில் என் அம்மா, அதாவது உன் ஆச்சி, ‘இல்லத்தரசி’. வீட்டில் வந்து, தேதி முடிந்துவிட்டது என்று சொன்னேன். “சரி, போட்டும்” என்றாள். அந்த வருசம் முழுக்க ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு இன்னும் பத்துக் கட்டு சுற்றினாள். பீஸ் கட்டினேன். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீ ஐந்தாம் வகுப்பில் குடும்ப மரம் என்று ஒரு சார்ட் வரைந்தாயே, நினைவிருக்கிறதா? ஒவ்வொருவர் பேருக்கும் கீழே தொழில் எழுத வேண்டும். ஆச்சிக்கு என்ன எழுத என்று என்னைக் கேட்டாய். விவசாயம் என்று எழுது என்றேன். நமக்கு ஏது வயல்? திண்ணையில் இருந்த ஆச்சி தலையைத் தூக்கவே இல்லை.

“ஏட்டி, பீடி சுத்துதான்னு எழுது. ஒங்கப்பனுக்கு அத எழுத வராது.”

நீ சிரித்தாய். அப்பாவுக்கு எழுத வராதாம் என்று அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினாய். ஆச்சி அடுத்த இலையை எடுத்து, அதன்மேல் இந்தத் தகட்டை வைத்தாள்.

பார்சல் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா