கேபிள் வாங்கிவிட்டாயா, மச்சான்?

கிளிநொச்சி,
மாசி மாதம்.

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மாமிக்கு முழங்கால் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததில் வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல். இங்கே காலபோக அறுவடை முடியும் தறுவாய். மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கீழ்ப்பக்க வயல்களுக்குக் கொஞ்சம் சேதம். மற்றபடி நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. கராச் வாசலில் ரக்ரரும் கெப்பும் வரிசையில் நிற்கின்றன. இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது.

நேரே விசயத்துக்கு வருகிறேன். உன் டீசல் காரின் ஈசியூவை, அதுதான் என்ஜினை ஆளுகிற கணினிப் பெட்டியை, வீட்டு முற்றத்தில் வைத்து நீயே ரியூன் பண்ணப் போவதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். இணையத்தில் மலிவாக ஒரு கேபிள், கூடவே அந்தப் பெட்டிக்குள் ஏற்ற ஆரோ எழுதிய ஃபைல் ஒன்று. "மண்ணெண்ணெயில் என்ஜின் ஓட்டின எங்களுக்கு இது ஒரு வேலையா" என்றும் கேட்டிருந்தாய். அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். எனக்குப் பயம்தான் வந்தது.

மண்ணெண்ணெய்க் காலத்தை நான் மறப்பேனா? 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. உன் எம்டி 90 மோட்டார் சைக்கிளை நீ கிளப்புகிற விதம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சேட்டுப் பொக்கற்றிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, நாலு சொட்டுப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு, உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாய். மண்ணெண்ணெயில் என்ஜின் தட்டும் என்பதால் ஹெட்டுக்கு இரண்டு கஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தோம். நீ குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டபடி ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்புவாய். பிழை என்றால் என்ஜின் அந்த இடத்திலேயே இருமிக் காட்டும். உடனே பழையபடி திருப்புவாய், சரியாகிவிடும். மாங்குளம் சந்தியில் உன் கைராசியைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

அந்தக் கை இன்னும் உன்னிடம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காது இந்த வேலைக்கு உதவாது, மச்சான்.

உன் காரின் பெட்டிக்குள் இருப்பவை அட்டவணைகள், நூற்றுக்கணக்கில். எந்தச் சுற்றில் எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எவ்வளவு அமுக்கத்தில் என்று எல்லாம் எண்களாக இருக்கும். சும்மா நிற்கும்போது 300 பார் அளவில் இருக்கிற ரெயில் அமுக்கம் (டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்ரர்களுக்கு அதைக் கொண்டுபோகிற குழாயின் அமுக்கம்) முழு மிதியில் 1600 பாரைத் தாண்டும், புதிய கார்களில் 2000க்கும் மேலே போகும். அந்த அட்டவணைகளில் பாதி, வேகத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. அவை காவலுக்கு நிற்பவை. உள்ளே வந்த காற்றின் அளவைப் பார்த்து, இவ்வளவு டீசலுக்கு மேல் விடாதே என்று ஒன்று சொல்லும். கிளச்சும் கியர்பொக்ஸும் தாங்குகிற முறுக்குவிசைக்கு மேல் போகாதே என்று இன்னொன்று. சூடு கூடினால் பலத்தைக் குறை என்று வேறொன்று. மலிவாக விற்கிற ஃபைல்களில் பல, இந்தக் காவல்களை இத்தனை வீதம் என்று ஒரேயடியாகத் தூக்கி விட்டவை. எதைத் தூக்கினார்கள் என்று உனக்குத் தெரியாது. உன் காரின் இன்ஜெக்ரர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதை எழுதினவருக்கும் தெரியாது.

போன ஆவணியில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு டபுள் கெப் வந்தது. இங்கே வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியது உனக்குத் தெரியும். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தார்கள். அதனால் பழைய கெப் ஒன்று காணித் துண்டுக்குச் சமம், உள்ளதிலிருந்துதான் சனம் கூடுதலாகப் பிழிந்தெடுக்கப் பார்க்கிறது. இந்தக் கெப்புக்கும் வீட்டில் வைத்தே ஆரோ ஃபைல் ஏற்றியிருந்தார்கள். மூன்று மாதம் சிங்கம்போல ஓடியதாம், நெல் மூட்டைகளோடு ட்ரெயிலர்ப் பெட்டி இழுத்தும் சளைக்கவில்லையாம். பிறகு ஒரு நாள் ஒயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கிறது என்று கொண்டுவந்தார்கள்.

ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்ரனைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். அதன் தலையில் இருக்கிற நடுக்குழியின் விளிம்பு ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது, காற்றுப் பக்கம் நின்று எரிந்த மெழுகுதிரியைப் போல. வால்வின் முகத்தில் கடுகு அளவில் அலுமினிய மணிகள் ஒட்டிக் கிடந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். உள்ளே எரிகிற சுவாலை 2000 பாகையைத் தாண்டும். பிஸ்ரன் பிழைத்திருப்பது, அந்தச் சூடு அதில் தங்க நேரம் கொடுக்காமல் ஒவ்வொரு அடியிலும் காற்றும் ஒயிலும் அதைக் கொண்டுபோவதால்தான். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் அது பிந்தி எரியும், கரும்புகை வரும், புகைக்குழாய்ச் சூடு ஏறும். 700 பாகையைத் தாண்டி நெடுநேரம் நின்றால் பிஸ்ரனும், காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற டேர்போவும் தாங்காது. இதில் மோசம் என்னவென்றால், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. டாஸ்போட்டில் இருக்கிற ஊசி தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், அது நடுவிலேயே நிற்கும். சத்தமும் நன்றாகத்தான் இருக்கும். பங்குனி வெயிலில் பாரம் இழுக்கும்போது விளிம்பு உருகிக்கொண்டிருக்கும், மனிசன் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவார். அந்தப் போகத்து நெல் விற்ற காசு முழுவதையும் அவர் என்ஜினுக்குக் கொடுத்தார். பில்லை நீட்ட எனக்கே கை வரவில்லை.

சரி, ஃபைல் நல்லது என்றே வை. அதைப் பெட்டிக்குள் எழுதுகிற நேரமும் ஒரு கண்டம்தான். வட்டக்கச்சியில் என் மருமகன், கெட்டிக்காரப் பெடியன், தன் காரை மாமரத்துக்குக் கீழே நிறுத்தி, லப்டொப்பை முன் சீற்றில் வைத்து எழுதத் தொடங்கினான். சாவி போட்டபடி, என்ஜின் நிறுத்தியபடி. பெட்டி எழுதுகிற நிலைக்குப் போனதும் ரேடியேற்றர் விசிறி தானாக முழு வேகத்தில் சுற்றத் தொடங்கிவிட்டது. பல கார்களில் அப்படித்தான் நடக்கும். பற்றரி இறங்கிக்கொண்டே போனது. 61 வீதத்தில் கோடு நின்றது. பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. ஸ்கானர் கேட்டால் பெட்டி பதிலே இல்லை. கொழும்புக்கு அனுப்பி, பெட்டியை உடைத்துத் திறந்து, பலகையில் நேரே வயர் பிடித்துப் பழைய ஃபைலை ஏற்றினார்கள். அவன் பழையதை முதலே வாசித்து வைத்திருந்ததால்தான் அது உயிர் தப்பியது. சில கார்களில் ஓபிடி வழியாக, அதுதான் கேபிள் செருகுகிற வாய் வழியாக, எழுத முடியும், வாசிக்க முடியாது. அப்படி ஒன்றில் மாட்டினால் உன் பழைய எண்களுக்குத் திரும்பிப் போக உன்னிடம் ஒன்றுமே இருக்காது. கள்ளக் கொப்பிக் கேபிள்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஃபைல் பழுதில்லை என்று பெட்டி சரிபார்க்க அதற்குள் இருக்கிற கூட்டுத்தொகைகளைச் சில கேபிள்கள் சரியாகத் திருத்தாது. கணக்கு ஒத்துவராவிட்டால் பெட்டி ஸ்ராட் பண்ண விடாது.

நீ இருக்கிற பிரித்தானியாவின் சட்டத்தையும் யோசி. அங்கே காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து நடக்கிற அன்று அவர்கள் கையை விரிக்கலாம். பின் சீற்றில் பேரப்பிள்ளைகளை ஏற்றிப் போகிறாய், மச்சான். புகை கூடினால் புகைத்துகள் வடிகட்டி அடைக்கும், அதையும் கழற்று என்று அதே கடைக்காரர் சொல்வார். 2014 பெப்ரவரியிலிருந்து எம்ஓடி என்கிற வருடாந்த வாகனப் பரிசோதனையில், கம்பனி பூட்டி அனுப்பிய அந்த வடிகட்டி இல்லாமல் வருகிற காரைப் பெயில் பண்ணுகிறார்கள். இங்கேயும் புகைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது, அந்தக் கெப்காரர் அதற்கும் அலைந்தார்.

உனக்கு ஆசை விடவில்லை என்றால் ஒன்று செய். என்ஜின் வலுவை அளக்கிற டைனோ வைத்திருக்கிற, உன் காரை அதில் ஓடவிட்டு அளந்து எழுதுகிற ஒருவரிடம் போ. முதலில் இன்ஜெக்ரர் ஒழுக்கு, டேர்போ குழாய்கள், கொம்பிறசன் எல்லாம் பார்க்கச் சொல்லு. பழைய ஃபைலை இரண்டு தரம் வாசித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, உன் கையில் ஒரு பிரதி தரச் சொல்லு. எழுதும்போது 13 வோல்ற்றுக்கு மேல் ஆடாமல் பிடித்து நிற்கிற சப்ளை போடுகிறாரா என்று பார், சாதாரண சார்ஜர் போதாது. இவ்வளவையும் முகம் சுளிக்காமல் செய்கிறவர் கிடைக்காவிட்டால் காரை அப்படியே விடு. கேபிள் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், வந்த பொதியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பு.

உன் எம்டி 90ஐப் பற்றிக் கேட்டிருந்தாய். 2009 இல் மாத்தளன் பக்கம் போகும்போது தம்பி அதை வழியில் விட்டுவிட்டான். பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த துருவுக்குள் நான் தேடினேன், எல்லாம் ஒரே மாதிரி எரிந்து கிடந்தன. இதை உனக்கு முன்னரே எழுதியிருக்க வேண்டும். மனம் வரவில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறாய்தானே? வரும்போது எனக்கு ஒரு சாமான் கொண்டுவா. புகைக்குழாயில் பொருத்துகிற வெப்பமானி, 1000 பாகை தாண்டி அளக்கிற ஊசியோடு. இங்கே தேடிப் பார்த்தேன், நம்பிக்கையானது கிடைக்கவில்லை. அந்த ஒட்டுசுட்டான் கெப் புது என்ஜினோடு பெட்டி இழுக்கத் தொடங்கிவிட்டது. அதில்தான் முதலில் பூட்டப் போகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்